ஓடிக்கொண்டிருந்த பழைய உடுப்புக் காயவைக்கிற ட்ரையர் திடீரெண்டு நிண்டிட்டுதோ? எப்பிடி நிண்டது எண்டு முதல் பாருங்கோ

கார்த்திகை மாசம், மூண்டு நாளா விடாத மழை, முறிகண்டிக்கு இஞ்சால இருக்கிற அத்தான்ர சின்ன லொட்ஜில பதினெட்டு பெட்சீற் ஈரமாக் கிடக்கு, அவர் போன் எடுக்கிறார்.

"தம்பி, மெசின் செத்துப்போச்சு."

"எப்பிடி அத்தான் செத்தது?"

"செத்தது எப்பிடிச் செத்தாலென்ன, நீ வந்து பாரன்."

எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறது. ஆனா பழைய ட்ரையரில பாதி வேலை அந்தக் கேள்வியிலதான் கிடக்கு. சத்தமில்லாமப் பொசுக்கெண்டு நிண்டதோ, இரைஞ்சு இரைஞ்சு நிண்டதோ, கருகின மணம் வந்ததோ, லைற் எரியுதோ, ஒரு மணித்தியாலம் விட்டிட்டுப் போட்டா திரும்ப ஓடுதோ, வீட்டுக் கரண்டையும் சேத்து விழுத்திப்போட்டுதோ. ஒவ்வொண்டுக்கும் பிழை ஒவ்வொரு இடத்தில. அதைக் கேக்காம நேர ஸ்க்ரூ ட்ரைவரைத் தூக்கினா நல்லாக் கிடக்கிறதையும் உடைச்சுப்போட்டுத்தான் எழும்புவியள்.

நான் இதில கதைக்கிறது கையால திருப்பி நேரம் வைக்கிற ரைமர் உள்ள பழைய ட்ரையர், ஈரக் காத்தைப் பின்னால பைப்பால வெளிய தள்ளுற வகை. அத்தான்ர மெசின் லண்டனில சித்தி வீட்டில இருவது வருசத்துக்கு மேல ஓடிப்போட்டு கப்பல் பெட்டியில வந்தது. உள்ளுக்கை போர்ட், கம்பியூட்டர் ஒண்டுமில்லை, ஒரு மோட்டர், ஒரு பெல்ட், ஒரு பான், ஹீற்றர், ரைமர், ரெண்டு மூண்டு சூட்டுக் கட்டவுட் (அளவுக்கு மிஞ்சிச் சூடானா கரண்டை வெட்டுற சாமான்), கதவுச் சுவிச், அவ்வளவுதான், அதாலதான் எங்களால திருத்தவும் ஏலுது.

இன்னொண்டு முதலே சொல்லிப்போடுறன். வன்னியில சண்டைக் காலத்தில லைன் கரண்டே இல்லாம வருசக் கணக்கா இருந்தனாங்கள், சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்டு, பெற்றோல்ல ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்கள், அதால எங்களுக்கு எதையும் எப்பிடியாவது ஓட வைக்கிற கை இருக்கு, அது நல்லதுதான். ஆனா அந்தக் கையில ஒரு பழக்கமும் சேந்து வந்திட்டுது, இடையில எது வேலை செய்யேல்லையோ அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வயரை 'டிரெக்ட்' குடுக்கிறது. தண்ணி மோட்டரில அது ஒருவேளை சரி வரும். ட்ரையரில வராது, ஏனெண்டா திடீரெண்டு நிக்கிற ட்ரையர் கனக்கத் தரம் பழுதாகி நிக்கிறேல்லை, ஏதோ ஒண்டு அதைப் பிடிச்சு நிப்பாட்டினபடியாலதான் நிக்குது. அந்த நிப்பாட்டினவனை வெட்டிவிட்டா மெசின் ஓடும், பேந்து ஒரு நாள் உடுப்போட சேந்து எரியும்.

கை வைக்க முதல் ப்ளக்கைக் கழட்டுங்கோ. சுவிச்சை நிப்பாட்டினது காணாது, கழட்டுங்கோ. கரண்ட் கட் ஆன நேரம்தானே எண்டு கையை உள்ளுக்கை விடுறதும் வேண்டாம், அது எந்த நிமிசமும் வரும்.

லைற்றும் இல்லை, சத்தமும் இல்லை, ஒண்டுமே இல்லை

மெசினை விடுங்கோ, சுவரைப் பாருங்கோ. அதே ப்ளக் பொயின்ற்றில அயன் பொக்ஸைக் குத்தி அது சூடாகுதோ பாருங்கோ. டெஸ்டர் எரியுது எண்டு சொல்லிக்கொண்டு வரவேண்டாம், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) அறுந்து கிடந்தாலும் டெஸ்டர் எரியும், ஆனா ஒரு சாமானும் ஓடாது. அயன் பொக்ஸ் லோட் இழுக்கிற சாமான், அது பொய் சொல்லாது.

பொயின்ற் சரியெண்டா ப்ளக்கைத் திறவுங்கோ. லண்டன் ப்ளக்குக்கு உள்ளுக்கை 13 அம்பியர் பியூஸ் ஒண்டு கிடக்கும், சின்னக் குழாய் மாதிரி, கன பேருக்கு அது அங்க இருக்கிறதே தெரியாது. 2500 வாட்ஸ் ஹீற்றர் எண்டா தனிய அதுவே 11 அம்பியர் கிட்ட இழுக்கும், மோட்டரும் சேந்தா பியூஸ் எப்பவும் விளிம்பிலதான் நிக்கிறது. பியூஸ் போனா அதே 13 போடுங்கோ, வெள்ளிப் பேப்பர் சுத்திற வேலை வேண்டாம். ப்ளக் கால் கறுத்து, பிளாஸ்ரிக் உருகின மாதிரி இருந்தா குற்றம் பியூஸில இல்லை, பொயின்ற் லூசாகிப் போட்டுது. உருண்டைக் கால் பொயின்ற்றுக்கு அடப்டர் போட்டுக் குத்தியிருந்தா இது கட்டாயம் ஒரு நாள் நடக்கும். ட்ரையருக்குத் தனி லைன், குறைஞ்சது 7/0.67 வயர், அடப்டர் இல்லாம நேர பொயின்ற். இதுக்கு மேல இதில கதைக்க ஒண்டுமில்லை.

லைற் எரியுது, ஸ்ராட் பட்டினை அமத்தினா ஒண்டும் நடக்கேல்லை

ரைமர் சைபரில நிக்குதோ எண்டு பாருங்கோ. சிரிக்காதேங்கோ, ரெண்டு தரம் நான் பரந்தனுக்கு மினக்கெட்டுப் போய் ரைமரைத் திருப்பிவிட்டிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான்.

அடுத்தது கதவு. கதவை மெல்லச் சாத்தேக்க 'டிக்' எண்டு ஒரு சத்தம் கேக்கோணும். கேக்கேல்லை எண்டா கதவில இருக்கிற பிளாஸ்ரிக் கொழுக்கி தேஞ்சிருக்கும், இல்லாட்டி சுவிச் போட்டுது. ப்ளக்கைக் கழட்டி, சுவிச்சில இருந்து ஒரு வயரையும் கழட்டிப்போட்டு, மல்ரிமீற்றரை பீப் சத்தத்தில வைச்சுப் பாருங்கோ. அமத்தேக்க பீப் வரோணும், விடேக்க நிக்கோணும். வயரைக் கழட்டாமப் பாத்தா மற்றப் பக்கத்தால சுத்தி வந்து பீப் அடிச்சு உங்களை ஏமாத்தும். எங்கட பக்கத்தில சுவிச் பழுதாகாமலே வேலை செய்யாமப் போறதும் இருக்கு, சின்ன எறும்பு உள்ளுக்கை போய் கொன்ராக்கில (கரண்ட் தொட்டுப் போற இடத்தில) நசிஞ்சு செத்து, அந்த இடம் கறுப்பாப் பிடிச்சிருக்கும். ரைமரிலயும் அப்பிடித்தான், மாங்குளத்தில ஒரு வீட்டு மெசினில ரைமர் மூடியைக் கழட்டினா பல்லிக்குஞ்சு ஒண்டு ரெண்டு கொன்ராக்குக்கும் நடுவில நீட்டி நிமிந்து காய்ஞ்சு கருவாடாக் கிடக்குது, பக்கத்தில ரெண்டு முட்டை, ஒண்டு பொரிச்சது. எடுத்துப்போட்டு கொன்ராக் கிளீனர் அடிச்சுத் துடைச்சுவிட்டன், அண்டைக்கே ஓடினது.

கதவும் ரைமரும் சரியெண்டா சூட்டுக் கட்டவுட்டுக்கு வாறம். பின் தகட்டைக் கழட்டினா ஹீற்றர் பெட்டியிலயும் பான் கூட்டிலயும் காசு அளவில வட்டமா ரெண்டு வயர் போற சாமான்கள் இருக்கும். சில மெசினில இதில ஒண்டுக்குச் சின்னப் பட்டின் இருக்கும், ஆறவிட்டு அமத்தினா 'டக்' எண்டு திரும்பப் பிடிக்கும். வேற சிலதில ஒருக்காப் போனா போனதுதான், புதுசுதான் போடோணும். ஆறின பிறகும் பீப் வரேல்லை எண்டா அது போட்டுது. சில மொடலில இது போனா ஹீற்றர் மட்டும்தான் நிக்கும், சிலதில மோட்டரும் சேந்து நிக்கும். இதிலதான் அந்த டிரெக்ட் குடுக்கிற ஆசை வாறது. குடுக்காதேங்கோ. கனக்கத் தரம் அது போனதுக்குக் காரணம் காத்து போகேல்லை எண்டது, அந்தக் கதை கீழ வருது.

'ம்ம்ம்' எண்டு இரையுது, சுத்தேல்லை

இதுதான் எங்கட பக்கத்தில ஆகக் கூட வாற வருத்தம். இரையுற சத்தம் கேட்ட உடன நிப்பாட்டுங்கோ, சுத்தாம இரையுற மோட்டர் அளவுக்கு மிஞ்சி அம்பியர் இழுக்கும், கனக்க நேரம் விட்டா காயில் கருகும்.

ப்ளக்கைக் கழட்டி, கதவைத் திறந்து, ட்ரம்மைக் கையால சுத்திப் பாருங்கோ. லேசாச் சுத்தோணும், பெல்ட் இழுவை கொஞ்சம் தெரியும், அது சரி. ஒரு இடத்தில பிடிச்சு நிண்டாலோ கிறீச் எண்டாலோ உள்ளுக்கை ஏதோ கொழுவியிருக்கு. நான் எடுத்ததுகளில முதலிடம் பொம்பிளையளின்ர உள்ளாடைக் கம்பிக்கு, ரெண்டாமிடம் சில்லறைக் காசு, பேந்து ஊசி. பான் பக்கமும் பாருங்கோ.

லேசாச் சுத்துது எண்டா வோல்டேஜ். லைன் கடைசியில இருக்கிற வீடுகளில பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு 180 வோல்ற்றுக்கு விழுறது எனக்குப் புதுசில்லை, மீற்றரில பாத்திருக்கிறன். 230இல ஓடவேண்டிய மோட்டருக்கு 180 குடுத்தா முக்காப் பங்கு பலம் வரும் எண்டு நினைப்பியள், அப்பிடியில்லை, வோல்டேஜ் குறையிறதின்ர வர்க்கமாத்தான் இழுவை குறையும், கணக்குப் பாத்தா அறுவது வீதம் சொச்சம்தான் மிஞ்சும். 2500 வாட்ஸ் ஹீற்றரும் 1500 சொச்சத்துக்கு வந்திடும். அந்தப் பலத்தில ஈரப் பெட்சீற் ஆறை ட்ரம்மோட சேத்துத் தூக்கச் சொன்னா மோட்டர் முனகத்தான் செய்யும். பாக்கிற முறை முக்கியம், மெசின் நிக்கேக்க மீற்றரை வைச்சா 220 காட்டும், ஓட வெளிக்கிடேக்க வைச்சாத்தான் உண்மை தெரியும். மெசின் நிக்கேக்க நல்லா இருந்து ஓடேக்க மட்டும் பொயின்ற்றில விழுகுது எண்டா, மெயின் சுவிச்சிலயும் ஒருக்கா வைச்சுப் பாருங்கோ, அங்க விழாம பொயின்ற்றில மட்டும் விழுந்தா உங்கட வீட்டு வயர்தான் மெல்லிசு, இல்லாட்டி எங்கயோ ஜொயின்ற் லூஸ். மெயினிலயே விழுந்தா உடுப்பைப் பாதியாக் குறைச்சு, பகலில போடுங்கோ, வேற வழியில்லை.

வோல்டேஜும் சரியெண்டா கண்டென்சர். லண்டன், ஜேர்மன் மெசினுகளில மோட்டருக்குப் பக்கத்தில வெள்ளைக் குப்பி மாதிரி நிக்கும், எங்கட தண்ணி மோட்டரில நிக்கிற அதே சாமான்தான். அது பலவீனமானா மோட்டருக்கு எந்தப் பக்கம் சுத்திறது எண்டு தெரியாம நிண்டு இரையும். கழட்ட முதல் அதுக்குள்ள இருக்கிற கரண்டை இறக்கிவிடுங்கோ. ப்ளக் கழட்டினாலும் அது அடிக்கும், எனக்கு அடிச்சிருக்கு. நான் ஒரு பல்ப் ஹோல்டரில ரெண்டு வயர் இழுத்து, பழைய குண்டு பல்ப் ஒண்டைப் போட்டு வைச்சிருக்கிறன், கண்டென்சரின்ர ரெண்டு காலிலயும் கொஞ்ச நேரம் பிடிச்சாக் காணும். பேந்து மைக்ரோ பரட் (கண்டென்சரின்ர அளவு) அளக்கிற மீற்றரால அளவுங்கோ. மேல 8 எண்டு எழுதியிருந்தா 8க்குக் கிட்ட வரோணும், 5 வந்தா அது போட்டுது.

இதில ஒரு பிழை எல்லாரும் விடுறது. கடையில போய் கண்டென்சர் எண்டு கேட்டா சீலிங் பான் கண்டென்சரைத் தருவினம், அது 2.5, இல்லாட்டி 3.15. அதைப் போட்டா மோட்டர் ஒருவேளை வெறும் ட்ரம்மைச் சுத்தும், ஈர உடுப்புப் போட்டா நிண்டிடும், நீங்கள் மோட்டர் போச்சு எண்டு முடிவெடுப்பியள். தண்ணி மோட்டர் சாமான் விக்கிற கடைக்குப் போங்கோ, கிளிநொச்சியில அதுக்குக் குறைவில்லை, பழசில என்ன மைக்ரோ பரட் போட்டிருக்கோ அதையே எடுங்கோ, வோல்டேஜ் 400 இல்லாட்டி 450 எண்டு இருக்கோணும். 8 கேட்டா 10 தாறன், கூடினா நல்லம்தானே எண்டுவார் கடைக்காரர். கூடினா நல்லமில்லை, மோட்டர் சூடாகும்.

கண்டென்சர் புதுசு போட்டும் இரையுது, கருகின மணமும் வருது எண்டா காயில். வைண்டிங் கடைக்குக் கொண்டுபோங்கோ. தோட்டத்துத் தண்ணி மோட்டர் சுத்திற ஆள் இதையும் சுத்துவார், ஆனா வயர் எது எதில கொழுவியிருந்தது எண்டு கழட்ட முதலே போனில போட்டோ எடுத்துப்போட்டுக் கழட்டுங்கோ, எடுக்காமக் கழட்டிப்போட்டு என்னட்டக் கேக்கவேண்டாம்.

இருவது நிமிசம் ஓடுது, நிக்குது, ஆறினாப் பிறகு திரும்ப ஓடுது

அத்தான்ர மெசினுக்கு இதுதான். போய் நிண்டு நான் கேட்ட பிறகுதான் சொல்லுறார், காலமை ஓடினது, நிண்டது, பதினொரு மணிக்குப் போட ஓடினது, திரும்ப நிண்டது எண்டு. செத்த மெசின் பதினொரு மணிக்கு எழும்பி ஓடாது தானே.

மோட்டருக்குள்ளயே ஒரு சூட்டுக் கட்டவுட் இருக்கு. மோட்டர் அளவுக்கு மிஞ்சிச் சூடானா அது வெட்டும், அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டா தானாப் பிடிக்கும். அது வெட்டுறது அதின்ர வேலை. ஏன் சூடாகுது எண்டதுதான் எங்கட வேலை. வோல்டேஜும் ஒரு காரணம், மேல சொல்லிப்போட்டன். மற்றது காத்து.

ட்ரையரில ஒரே மோட்டர்தான் ட்ரம்மையும் சுத்தி பானையும் சுத்திறது, அந்தக் காத்துதான் உடுப்பையும் காயவைச்சு ஹீற்றரையும் அளவோட வைச்சிருக்கிறது. காத்து அடைபட்டா ஹீற்றர் பெட்டி கொதிக்கும், மோட்டர் கொதிக்கும், உடுப்பு மட்டும் ஈரமாவே இருக்கும். அதால 'இப்ப கொஞ்ச நாளா காய நேரம் எடுக்குது' எண்டு ஆராவது சொன்னா அது நிக்கப்போறதுக்கு முன்னறிவித்தல்.

பில்டர் நெற்றை இழுத்துப் பஞ்சை எடுக்கிறதை எல்லாரும் செய்வினம். அதைக் கழுவினது ஆர்? உடுப்பு மிருதுவா வாசமா இருக்க விடுற சொப்ற்னர் பாவிக்கிற ஆக்கள் கவனியுங்கோ, அந்தச் சாமான் நெற்றில மெழுகு மாதிரிப் படிஞ்சு கண்ணுக்குத் தெரியாம அடைக்கும். நெற்றில தண்ணியை ஊத்திப் பாருங்கோ, தண்ணி தேங்கி நிண்டா அடைச்சிட்டுது, சவுக்காரமும் பழைய பல் பிரஸ்ஸும் போட்டுத் தேயுங்கோ.

பேந்து பின் தகடு. அத்தான்ர மெசினில தகட்டைக் கழட்ட உள்ளுக்கை பஞ்சு கம்பளி மாதிரி ஒரு விரல் தடிப்பில ஒட்டியிருந்தது, அதுவும் வெள்ளைப் பஞ்சில்லை, எங்கட செம்மண் தூசும் சேந்து செங்கல் நிறத்தில, கையால பிடிச்சா ஒரு துண்டா உரிஞ்சு வருது. மோட்டரின்ர காத்து ஓட்டை ஒண்டும் தெரியேல்லை. பெயின்ற் பிரஸ்ஸால தட்டி, வக்கூமால இழுத்து எடுத்தன். இதுக்குள்ள தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ விடாதேங்கோ, சத்தம் போடுது எண்டு அத்தான் ஏற்கனவே உருளையில தேங்காயெண்ணெய் விட்டிருந்தார், அதிலதான் பஞ்சு ஆகக் கூட ஒட்டியிருந்தது.

அவ்வளவும் துப்பரவாக்கிப் போட்டம், ஓடினது, இருவது நிமிசத்தில திரும்ப நிண்டுது. அக்கா அந்த நேரம் பாத்து "அப்ப புதுசு ஒண்டு பாப்பமோ" எண்டா, எனக்குச் சரியான வெக்கமாப் போச்சு.

பைப்பைப் பின்னால கழட்டி, பைப் இல்லாம ஓடவிட்டுப் பாத்தன். ஒரு மணித்தியாலம் நிக்காம ஓடினது. அப்ப குற்றம் மெசினில இல்லை, பைப்பில. மழையில சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளிய சுவர்ப் பக்கம் போய்ப் பாத்தா, பைப் வாய்க்குள்ள மண்ணால குளவி கூடு கட்டி வைச்சிருக்கு, குழாய் குழாயா ஏழெட்டு, நடுவில சுண்டு விரல் போற இடைவெளிதான் மிச்சம். கோடையில மெசின் பாவிக்காம நாலைஞ்சு மாசம் கிடந்த நேரம் குளவிக்கு நல்ல வாடகை வீடு. கத்தியால சுரண்டி எடுத்து, வாயில எட்டிலொரு அங்குலக் கண்ணி மாதிரி நுணுக்க வலை போடாம, பெரிய கண் கம்பி வலை போட்டன், நுணுக்க வலை போட்டா அதிலயே பஞ்சு அடைச்சிடும். இந்தப் பைப் கழட்டி ஓடவிட்டுப் பாக்கிற வேலையை நான் முதலே செய்திருந்தா ரெண்டு மணித்தியாலம் மிஞ்சியிருக்கும், நீங்கள் முதலே செய்யுங்கோ.

மெசின் தகரக் கொட்டிலுக்குள்ள நிண்டா, சித்திரை வெயிலில காத்துப்போற யன்னல் ஒண்டு இல்லாம மூடி வைச்சிருந்தா, ஒரு குற்றமும் இல்லாமலே இதே மாதிரி நிக்கும்.

மோட்டர் ஓடுற சத்தம் கேக்குது, ட்ரம் சுத்தேல்லை

பெல்ட். கையால ட்ரம்மைத் தட்டினா ஒரு தடையும் இல்லாம ஓடிக்கொண்டிருக்கும். சில மொடலில பெல்ட் அறுந்தா மோட்டரையும் நிப்பாட்டுற சுவிச் ஒண்டு இருக்கு, அப்ப சத்தமும் வராது, அதால ஒண்டும் பிடிபடேல்லை எண்டா இதையும் பாருங்கோ. பெல்ட்டின்ர முதுகில 1965 H7 மாதிரி ஒண்டு அச்சடிச்சிருக்கும், முதல் இலக்கம் நீளம் மில்லிமீற்றரில, கடைசி இலக்கம் உள்பக்கத்தில எத்தினை வரி எண்டது. அதைப் போட்டோ எடுத்து வெளிநாட்டுச் சொந்தத்துக்கு அனுப்பினா ஒரு கவரில வந்து சேரும். ட்ராக்டர் பான் பெல்ட்டை வெட்டி ஒட்டிற யோசனையோட வாற ஆக்களுக்குக் கும்பிடு.

ட்ரிப் சுவிச் விழுகுது

ட்ரிப் சுவிச் எண்டது கரண்ட் லீக்கானா வீட்டுக் கரண்டை வெட்டுற சாமான். போட்ட உடன விழுகுதோ, சூடாகேக்க விழுகுதோ எண்டு பாருங்கோ. ப்ளக்கைக் கழட்டி, ஹீற்றருக்குப் போற ரெண்டு வயரையும் கழட்டி, நுனியை வடிவா ரேப் சுத்தி, பின் தகட்டைத் திரும்பப் பூட்டிப்போட்டு ஓடவிடுங்கோ. இப்ப விழேல்லை எண்டா ஹீற்றரில இருந்துதான் மெசின்ர உடம்புக்குக் கரண்ட் லீக் ஆகுது. மாரியில கனநாள் பாவிக்காமக் கிடந்த மெசினில எலிமெண்ட் ஈரம் பிடிச்சும் இப்பிடி வரும். ஹீற்றரின்ர ஓமை (தடையை) அளந்து பாத்தா 2500 வாட்ஸுக்கு 21 கிட்ட வரோணும், ஆனா அது சரியா வந்தாலும் லீக் இருக்கலாம், சாதாரண மீற்றரில சின்ன லீக் பிடிபடாது, மெகர் (லீக் பாக்கிற மீற்றர்) வைச்சிருக்கிற வயர்மன் ஆரிட்டயாவது குடுங்கோ. ஹீற்றர் இல்லாமலும் விழுந்தா எலி வயரைக் கடிச்சிருக்கோ எண்டு அடித் தட்டைப் பாருங்கோ. ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து வயர் குடுக்கிற ஆளை வீட்டு வாசலிலயே மறிச்சு அனுப்புங்கோ. ஈர உடுப்பு, ஈரக் கை, இரும்புப் பெட்டி.

கனடாவில இருந்து வந்த மெசின்

இது தனிச் சாதி. அங்க ட்ரையருக்கு ரெண்டு உயிர் வயரும் ஒரு நியூட்ரலும் வரும், ரெண்டு உயிர் வயருக்கும் நடுவில 240, ஒண்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில 120. ஹீற்றர் 240இல, மோட்டர் 120இல. எங்கட வீட்டில இருக்கிறது ஒரு உயிர் வயர், 230. எங்கட வயர்மன் ஒருத்தர் அந்த ரெண்டு உயிர் முனையையும் ஒண்டாக்கி எங்கட லைனில குடுத்தார், நியூட்ரலை நியூட்ரலில குடுத்தார், பாக்க நியாயமாத்தான் இருக்கும். ஹீற்றரின்ர ரெண்டு பக்கமும் ஒரே வயர், அதால சூடே இல்லை, 120 மோட்டருக்கு 230 போச்சுது, ஒரு நிமிசம் விமானம் மாதிரி இரைஞ்சுபோட்டு புகை.

ட்ரான்ஸ்போமர் வைச்சு மோட்டருக்கு 120 குடுத்தாலும் அங்கத்தைய கரண்ட் 60 ஹேர்ட்ஸ், எங்கட 50. மோட்டர் ஆறிலொரு பங்கு மெதுவாச் சுத்தும், பான் காத்துக் குறையும், மோட்டரும் கூடச் சூடாகும், பேந்து மேல சொன்ன இருவது நிமிச வருத்தம் பிறவி வருத்தமா வந்திடும். ரைமர்கூட 60 நிமிசத்துக்கு வைச்சா 72 நிமிசம் ஓடும். ஆகக் குறைஞ்சது கப்பலில ஏத்த முதல் கதவுக்குப் பக்கத்திலயோ முதுகிலயோ ஒட்டியிருக்கிற தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. 230, 50 எண்டு இருந்தா ஏத்தட்டும். 120/240, 60 எண்டு இருந்தா அங்கயே ஆருக்கும் குடுத்துப்போட்டு, பெட்டியில அந்த இடத்துக்கு வேற ஏதாவது வைக்கச் சொல்லுங்கோ.